ஆப்பிள் டார்ட்டும் மிச்ச சவர்டோ மாவும்: ஒரு தண்ணீர்க் கணக்கு

சவர்டோ ஸ்டார்ட்டர், அதாவது ரொட்டியைப் புளிக்கவைக்கும் தாய்மாவு, வளர்க்கிறவர்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு ஜாம் பாட்டில் கட்டாயம் இருக்கும். ஸ்டார்ட்டருக்குப் புது மாவும் தண்ணீரும் கொடுக்கும்போதெல்லாம் பழையதில் கொஞ்சத்தை எடுத்துவிட வேண்டும். எடுத்ததைக் கொட்ட மனசு வராமல் அந்தப் பாட்டிலில் போட்டு மூடி வைப்போம். நான் இருக்கிற பிரான்ஸின் ரென் நகரில் இந்தப் பாட்டில் குளிர்காலத்தில்தான் சீக்கிரம் நிறைகிறது, அப்போதுதான் வீட்டில் ரொட்டி அதிகம் போடுகிறோம். குப்பையில் போட வழி இல்லாமல் இல்லை. 2024 ஜனவரி 1 முதல் பிரான்ஸில் மக்கும் குப்பையைத் தனியாகப் பிரிப்பது விதியாகிவிட்டது. எங்கள் குடியிருப்பு முற்றத்திலும் அதற்கென்று ஒரு பெட்டி நிற்கிறது. ஆனால் ஒரு வாரம் புளித்துப் பக்குவமான மாவை அந்தப் பெட்டியில் கொட்டுவதற்கு ஆப்பிள் டார்ட் செய்து சாப்பிட்டுவிடலாம்.

அச்சில் வைத்துச் சுடுகிற டார்ட் இல்லை இது. மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் ஆப்பிளை அடுக்கி, ஓரத்தை உள்பக்கமாக மடித்துவிட்டு அப்படியே தட்டில் சுடுவது. கிராமத்து டார்ட் என்ற பொருளில் இங்கே தார்த் ருஸ்தீக் என்பார்கள். ஓரம் கோணலாக வந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தால்தான் வம்பு. எனவே இதில் பார்க்க வேண்டியது முழுக்கத் தண்ணீர் விவகாரம்: புளித்த மாவுக்குள் இருக்கும் தண்ணீர், வெண்ணெய்க்குள் இருக்கும் தண்ணீர், ஆப்பிள் விடுகிற தண்ணீர்.

முதல் கணக்கு சுலபம். என் ஸ்டார்ட்டருக்கு மாவும் தண்ணீரும் சம எடையில் கொடுக்கிறேன். ஆகவே பாட்டிலிலிருந்து 100 கிராம் எடுத்தால் அதில் 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர். இதோடு 200 கிராம் புது மாவு சேர்த்தால் மொத்த மாவு 250 கிராம். வெண்ணெய் 150 கிராம். சாதாரண பேஸ்ட்ரி மாவுக்கு மாவின் எடையில் கால் பங்கு, சில சமயம் அதற்குக் கொஞ்சம் மேலே தண்ணீர் கேட்கும். இங்கே ஐந்தில் ஒரு பங்கு ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. பாக்கி 15 கிராம் ஐஸ் தண்ணீர் போதும். பல செய்முறைகளில் மிச்ச மாவை 'ஒரு கப்' என்று போட்டிருக்கிறார்கள். அதை நம்ப முடியாது. குமிழ் அடங்கிய மாவும் குமிழோடு பொங்கி நிற்கிற மாவும் ஒரே கப்பில் ஒரே எடை வராது. எடை மெஷின் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

மிச்ச மாவு போட்டால் டார்ட் உப்பி வரும் என்று ஒரு பேச்சு உண்டு. வராது. குளிரில் ஒரு வாரம் கிடந்த ஈஸ்ட்டுக்கு அந்தத் தெம்பு இல்லை, நாமும் அதற்கு நேரம் கொடுக்கப் போவதில்லை. அடுக்கைப் பிரிப்பது வெண்ணெயிலிருந்து கிளம்பும் நீராவி. மிச்ச மாவின் வேலையே வேறு, அதன் புளிப்பும் அதில் நடந்து முடிந்த சிதைவும்தான் நமக்கு வேண்டியது. புளித்த மாவில் குளூட்டன், அதாவது மாவுக்கு இழுவை தரும் புரதம், பாதி அறுந்து கிடக்கும். மாவிலேயே இருக்கும் புரதம் வெட்டும் நொதிகள் அமிலச் சூழலில் சுறுசுறுப்பாகிவிடும். ரொட்டிக்கு இது ஆகாது. டார்ட்டுக்கு இதைவிட நல்லது கிடையாது. தேய்க்கும்போது மாவு சுருங்கித் திரும்பிப் போகாது, சுட்டபின் கடித்தால் மொறுக்கென்று உடையும், ரப்பராக இழுக்காது. அமெரிக்கச் செய்முறைகளில் இதே நோக்கத்தோடு ஒரு ஸ்பூன் வினிகர் சேர்ப்பார்கள். பிரான்ஸில் 1993-ல் வந்த ரொட்டி ஆணைப்படி, லெவான் (சவர்டோ) ரொட்டி என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால் அதன் பிஹெச் 4.3-க்கு மேல் போகக் கூடாது; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். சுட்ட ரொட்டிக்கே அந்த அளவு என்றால் ஒரு வாரப் பாட்டிலின் புளிப்பைக் கேட்க வேண்டாம். வினிகரை விட்டுவிடலாம்.

சுட்ட பிறகு புளிப்பு தெரியுமா என்று கேட்பார்கள். புளிப்பாகத் தெரியாது. பாலாடைக்கட்டி வாசனை லேசாக அடிக்கும், அது ஆப்பிளுக்குப் பொருந்துகிறது. பாட்டில் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டால் நெடி ஏறிவிடும், மாவும் கரைந்து ஓடும். மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் நின்றால் வடித்துவிட்டு, அந்த அளவைக் கணக்கில் குறைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு என்று எந்தக் கீற்றாவது தெரிந்தால் ஆராய்ச்சி வேண்டாம், பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.

வெண்ணெய் விஷயத்தில் இந்த ஊருக்கென்று ஒரு பிடிவாதம் இருக்கிறது. ரென் இருக்கும் பிரெத்தாஞ் (பிரிட்டனி) பகுதியில் வெண்ணெய் என்றாலே உப்பு வெண்ணெய்தான், தெமி-செல். புரட்சிக்கு முந்தைய பிரான்ஸில் பெரும்பாலான மாகாணங்கள் உப்புக்கு கபெல் என்ற வரியைக் கட்டி நொந்துகொண்டிருந்தபோது, பிரெத்தாஞுக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. உப்பு மலிவு, கையும் தாராளம். வரி போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பழக்கம் போகவில்லை. உப்பில்லாத வெண்ணெய் வாங்கி வந்ததைப் பார்த்த மேல்மாடிப் பாட்டி, "அதைப் பாரிஸ்காரர்களுக்குக் கொடுங்கள், நீங்கள் ஏன் சாப்பிடுகிறீர்கள்?" என்றார். பாட்டி சொன்னது டார்ட்டுக்கு நூறு சதவீதம் சரி. 150 கிராம் தெமி-செல்லில் ஏறத்தாழ 3 கிராம் உப்பு வந்துவிடுகிறது, மாவில் தனியாக உப்பே போட வேண்டாம். தண்ணீர்க் கணக்கிலும் வெண்ணெய் உண்டு: எடையில் கிட்டத்தட்ட 16 சதவீதம் தண்ணீர், அதாவது சுமார் 24 கிராம். ஆனால் இது மாவை நனைக்கக் கூடாத தண்ணீர். ஓவனுக்குள் போகும்வரை வெண்ணெய்க்குள்ளேயே அடைபட்டிருந்து, அங்கே நீராவியாக வெளியே வர வேண்டும். வெண்ணெய் குளிர்ந்தே இருக்க வேண்டும் என்று எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

மாவு டி 55. இந்த எண் மாவை எரித்தால் மிஞ்சும் சாம்பலைக் குறிக்கிறது. 100 கிராமுக்கு அரை கிராமும் கொஞ்சமும். நம் ஊர் மைதாவுக்குப் பக்கத்தில் வரும். 200 கிராமில் 30 கிராமை எடுத்துவிட்டு ப்ளே நுவார், அதாவது பக்வீட் மாவு போடுகிறேன். பிரெத்தாஞில் எந்தக் கடையிலும் கிடைக்கும், உப்புச் சுவை கிரேப்புக்கு, அதாவது இந்த ஊர் மெல்லிய தோசைக்கு, இதுதான் மாவு. குளூட்டன் இல்லாததால் டார்ட் இன்னும் உதிரியாக வரும், ஓரத்தில் வறுத்த வாசனை வரும். 30 கிராமுக்கு மேல் போனால் தேய்க்கும்போது ஓரமெல்லாம் வெடிக்கும். கிடைக்காத ஊரில் கோதுமை மாவே போட்டுக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது.

பிசைவது என்ற சொல்லே இங்கே ஆகாது. வெண்ணெயை ஒரு சென்டிமீட்டர் கட்டிகளாக நறுக்கி, மாவும் ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரையும் கலந்ததில் போட்டுப் புரட்டி, ஒவ்வொரு கட்டியையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு முறை நசுக்கித் தட்டையாக்குகிறேன். வேகமாகச் செய்ய வேண்டும். கட்டி பளபளக்க ஆரம்பித்தால் உருகுகிறது என்று அர்த்தம், உடனே கிண்ணத்தோடு ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டியதுதான்.

மிச்ச மாவைச் சேர்க்கும் இடத்தில்தான் கை தேற வேண்டியிருந்தது. தண்ணீரைத் தெளிப்பதைப் போல இதைத் தெளிக்க முடியாது. கெட்டியாக, பிசுபிசுப்பாக ஒரே இடத்தில் விழுந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பரப்பப் போனால் பிசைவதில்தான் முடியும். எனவே முதலில் 15 கிராம் ஐஸ் தண்ணீரில் மிச்ச மாவைக் கரைத்து, மோர்க்குழம்பு பதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். கிண்ணம் முழுக்க அங்கங்கே ஊற்றி, முள்கரண்டியால் கீழிருந்து மேலாக நாலைந்து முறை தூக்கிப்போட்டால் போதும். உலர்ந்த மாவும் ஈரக் கட்டிகளுமாகப் பார்க்கக் கேவலமாக இருக்கும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நின்றால் சரி. நிற்காவிட்டால் ஒரு டீஸ்பூன் தண்ணீர், அதற்கு மேல் வேண்டாம்.

இதை மேஜையில் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தி நீளமாக்கி, கடிதம் மடிப்பது மாதிரி மூன்றாக மடித்து, திருப்பி வைத்து மறுபடி ஒருமுறை. பரோட்டாவுக்கு வீசும்போது அடுக்கைத் தாங்குவது மாவின் இழுவை. இதில் இழுவை வந்தாலே கெட்டது, அடுக்கு முழுக்க வெண்ணெய்த் தகடுகளின் வேலை. இரண்டு மடிப்போடு நிறுத்தி, வட்டமாகத் தட்டி, மூடி ஃபிரிட்ஜில் வைக்கிறேன். குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஒரு இரவு. காலையில் பார்த்தால் உலர்ந்த இடங்களுக்கும் ஈரம் தானாகப் பரவியிருக்கும். இரண்டு மூன்று நாள் விட்டால் மாவு சாம்பல் நிறத்துக்குப் போகும், அது காற்று பட்ட நிறம். அவ்வளவு நாள் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசர்தான்.

ஆப்பிளுக்கு லிஸ் சந்தை. ரென் நகரின் நடுவில் சனிக்கிழமை காலைதோறும் கூடும் இந்தச் சந்தை 1622 முதல் நடந்துவருகிறது என்பார்கள். அக்டோபருக்குப் பிறகு போனால் ஆப்பிள் மட்டுமே விற்கும் தோட்டக்காரர்கள் வரிசையாக நிற்பார்கள். கேட்கிற முதல் கேள்வி விலையோ எடையோ இல்லை. "கடித்துச் சாப்பிடவா, அடுப்பில் வைக்கவா?" என்பார்கள். டார்ட் என்றால் என்ன டார்ட் என்று அடுத்த கேள்வி. திறந்த டார்ட், தோல் சீவித் துண்டு போட்டு அடுக்குவது என்று சொன்னால் ஒரு பெட்டியைக் கை காட்டுவார்கள். அந்தக் கையை நம்பலாம். அப்புறம் அங்கேயே ஒரு கலெத்-சொசீஸ் (பக்வீட் தோசையில் சுருட்டிய சாசேஜ்) வாங்கி நின்றபடி சாப்பிட்டுவிட்டு வருவது ஊர் வழக்கம், ஆனால் அது வேறு கதை.

எனக்குப் பிடித்த கலவை இரண்டு வகை. ஒன்று ரெய்னெத் தார்மொரிக். பிரெத்தாஞின் சொந்த ரகம், சிறிசு, கெட்டி, தாமதமாகப் பழுத்துக் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். சுட்டபின்னும் துண்டு துண்டாக நிற்கும். இன்னொன்று போஸ்கூப். நெதர்லாந்தில் 19-ஆம் நூற்றாண்டில் கண்டெடுத்த ரகம், சொரசொரப்பான தோல், நல்ல புளிப்பு. சூடு பட்டால் குழைந்துவிடும். முக்கால் பங்கு நிற்கிற ஆப்பிள், கால் பங்கு குழைகிற ஆப்பிள் என்று போட்டால் குழைந்தது மற்றதைப் பிடித்துக்கொள்ளும், வெட்டும்போது துண்டுகள் சரியாது. சூப்பர்மார்க்கெட்டில் வருடம் முழுக்கக் கிடைக்கும் கோல்டன் ரக ஆப்பிளும் உருக்குலையாது, ஆனால் புளிப்பு போதாது. எலுமிச்சம்பழத்தைத் தாராளமாகப் பிழிய வேண்டும்.

ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். இதுதான் மூன்றாவது கணக்கு, பெரிய கணக்கும் இதுதான். 900 கிராம் ஆப்பிளைத் தோல் சீவி, நடுப்பகுதியை எடுத்து, அரை சென்டிமீட்டர் தடிப்பில் நறுக்கினால் சுமார் 700 கிராம் தேறும். 50 கிராம் சர்க்கரையும் அரை எலுமிச்சம்பழச் சாறும் பிசறி அரைமணி நேரம் வைத்தால் கிண்ணத்தின் அடியில் சாறு இறங்கி நிற்கும். அதை வடித்துவிட வேண்டும். ஓவனுக்குள் போய் மாவின் மேல் விடவிருந்த தண்ணீரில் ஒரு பகுதியை இப்படி முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறோம். வடித்ததைக் கொட்ட வேண்டாம்.

சீவிய தோலும் நடுப்பகுதியும் ஒரு சின்னப் பாத்திரத்தில், மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு அடுப்பில் ஏறும். ஜாமை உறையவைக்கும் பொருளான பெக்டின் ஆப்பிளில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. சிறு தீயில் இருபது நிமிடம் கொதித்தபின் வடிகட்டி, கிண்ணத்தில் இறங்கிய சாறையும் இரண்டு மேஜைக்கரண்டி சர்க்கரையையும் சேர்த்துச் சுண்டவிடுகிறேன். முதலில் பெரிய குமிழாக, அவசரமாகக் கொதிக்கும். சுண்டச் சுண்டக் குமிழ் சிறுத்து, நெருக்கமாகி, சத்தம் தணியும். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் முதலில் தண்ணீராக ஓடும். கொஞ்ச நேரத்தில் இரண்டு சொட்டாக விளிம்பில் தொங்கும். அந்த இரண்டு சொட்டும் ஒன்றாகச் சேர்ந்து தகடாக விழுந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். போஸ்கூப்பின் தோலில் கொஞ்சம் சிவப்பு இருந்ததால் இந்தத் தடவை ரோஜா நிறத்தில் வந்தது. கடை டார்ட்டில் மினுங்குகிற அந்தப் பூச்சு வீட்டில் இப்படித்தான் கிடைக்கிறது, ஏப்ரிகாட் ஜாம் தேவையில்லை.

அடுக்கும் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மாவைப் பத்து நிமிடம் வெளியே வைத்து, பட்டர் பேப்பர் மேலேயே தேய்க்கிறேன். சுமார் 36 சென்டிமீட்டர் வட்டம், மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் தடிப்பு. ஓரம் வெடித்தால் விரலில் தண்ணீர் தொட்டு ஒட்டவைக்கலாம். நடுவில் இரண்டு மேஜைக்கரண்டி ரவை. இங்கே செமூல் ஃபீன் என்று விற்பது நம் ரவைதான், பாரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் போய்த் தேட வேண்டியதில்லை. ஆப்பிள் இதற்குமேல் விடுகிற சாறை இந்த ரவை குடித்துக்கொள்ளும், சாப்பிடும்போது இருப்பதே தெரியாது. பாதாம் பொடி போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது ஆப்பிள் வாசனையை அமுக்கிவிடுகிறது. ரவை மேல் ஆப்பிளை வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி அடுக்கி, ஓரம் ஐந்து சென்டிமீட்டரை மடிப்பு மடிப்பாக உள்ளே திருப்பி, மடித்த ஓரத்துக்கு முட்டை மஞ்சள் கருவும் பாலும் தடவிச் சர்க்கரை தூவுகிறேன். அந்தச் சர்க்கரை அலங்காரத்துக்கு இல்லை. புளித்த மாவு லேசில் சிவக்காது, அமிலம் நிறம் ஏறுவதைத் தாமதப்படுத்தும். முட்டையும் சர்க்கரையும் அதை ஈடுகட்டும். ஆப்பிள் மேல் அங்கங்கே கொஞ்சம் வெண்ணெய். இப்படியே ஃப்ரீசரில் கால் மணி நேரம்.

ஓவன் 200 டிகிரி, காற்றாடி இல்லாமல், மேலும் கீழும் சூடு. பழைய பிரெஞ்சு ஓவன்களில் டிகிரிக்குப் பதில் தெர்மோஸ்டா எண் இருக்கும். எண்ணை முப்பதால் பெருக்கினால் ஏறத்தாழ டிகிரி வந்துவிடும், ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவில் திருப்பினால் சரி. ஓவனின் இரும்புத் தட்டைக் கீழ்ப்பகுதியில் காலியாக வைத்து முன்கூட்டியே சூடாக்கி, டார்ட்டைப் பேப்பரோடு அதன்மேல் நகர்த்துகிறேன். அடிமாவு ஊறுவதற்கு முன்னால் வெந்துவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கால் மணியில் மடிப்புகள் பிரிந்து, வெண்ணெய் ஓரத்தில் பொரியும் சத்தம் கேட்கும். அரைமணியில் பார்க்க முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். முடிந்திருக்காது. 190-க்குக் குறைத்து, மொத்தம் 50 நிமிடமாவது விடுங்கள். மேலே கருகுவதாகத் தோன்றினால் ஒரு தகடு அலுமினியப் பேப்பர் போடலாம். வெந்ததா என்று பார்க்க ஊரிலிருந்து கொண்டுவந்த தோசைத் திருப்பிதான் எனக்கு. ஓரத்தில் நுழைத்து மெல்லத் தூக்கினால் டார்ட் வளையாமல் பலகையாக எழும்ப வேண்டும், அடி நன்றாகச் சிவந்திருக்க வேண்டும். வெளிறிப்போய் வளைந்தால் இன்னும் ஐந்து நிமிடம். பிரெஞ்சுப் பேக்கரிகளில் வெளிறிய டார்ட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த நிறம் அதிகமாகப் படும். பரவாயில்லை.

வெளியே எடுத்ததும் சூடான தட்டிலிருந்து கம்பி வலைக்கு மாற்றிவிட வேண்டும். தட்டிலேயே விட்டால் நீராவி கீழே சிக்கி, அவ்வளவு பாடுபட்டுக் காய்ந்த அடியை மறுபடி நனைத்துவிடும். சுண்டிய பூச்சைத் தூரிகையால் ஆப்பிள் மேல் தடவி, அரைமணி ஆறவிட்டு வெட்டினால் துண்டு கையில் எடுத்துச் சாப்பிடும் உறுதியோடு வரும். கொஞ்சம் உப்பு, கொஞ்சம் புளிப்பு, ஓரத்தில் ப்ளே நுவாரின் வறுத்த மணம். மேல்மாடிக்கு ஒரு துண்டு போனது. பாட்டி முதலில் துண்டைத் திருப்பி அடியைத்தான் பார்த்தார். சவர்டோ மாவு என்று சொன்னபோது நம்பவில்லை, வெண்ணெயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மிச்சம் இருந்தால் 160 டிகிரி ஓவனில் பத்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டாம். பேரிக்காயிலும் இதே முறைதான். ஆனால் அது ஆப்பிளைவிடத் தாராளமாகச் சாறு விடும், எனவே ஊறும் நேரத்தை ஒரு மணியாக்கி, ரவையை மூன்று கரண்டியாக்கிவிடுகிறேன். ஏப்ரலில் சந்தைக்கு ருபார்ப் வரும்போது அதற்கு நான்கு கரண்டி, சர்க்கரையும் இரண்டு மடங்கு.